சக்கையின் சரித்திரம்

எங்கள் பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. ஆனால் ஒரு பிடி காப்பித் தூளுக்குள் எத்தனை தரத்துக் காப்பி இருக்கிறது என்பது அவளுக்கு அணுவளவும் பிசகாமல் தெரியும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஏறக்குறைய நாற்பது வருஷங்களுக்கு முந்திய கதை. விடியற்காலையில் பித்தளைப் பில்டரில் முதல் தண்ணீர் விழும். அந்த டிகாக்ஷன் தாத்தாவுக்கு; திண்ணைக்கு வந்து உட்காரும் பெரிய மனிதர்களுக்கு; சென்னையிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு. அது இறங்கியதும் அதே தூளின் தலையில் இரண்டாம் தண்ணீர். அது பாட்டிக்கு, அம்மாவுக்கு, சித்திமார்களுக்கு. குழந்தைகளான எங்கள் பாலுக்கு நிறம் காட்டவும் அதுதான். எட்டு மணி சுமாருக்கு மூன்றாம் தண்ணீர். அதைக் காப்பி என்று சொன்னால் காப்பிக்கே ரோஷம் வரும். காவி வேஷ்டி துவைத்த தண்ணீரைப் போல ஒரு நிறம். அதில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டுக் கொதிக்க வைத்துப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்குக் கொடுப்பார்கள். மாட்டுக் கொட்டகை எறவாணத்தில் செருகியிருக்கும் அலுமினிய டம்ளரை அவளே எடுத்து, அவளே கழுவி, நீட்டுவாள். பாட்டி உயரத்திலிருந்து ஊற்றுவாள்.

'அம்மாள்' என்று இன்றைக்கு மரியாதையாக எழுதுகிறேன். அப்போது, பாட்டி வயசுக்காரியான அவளை, ஏழு வயசுப் பையனான நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

மூன்று தண்ணீரும் பார்த்துவிட்டுப் பில்டரின் மேல் பாத்திரத்தில் மிஞ்சுகிற கறுப்பு வட்டம் இருக்கிறதே, அதைச் சக்கை என்போம். சில வீடுகளில் மண்டி என்பார்கள். தமிழர் வீட்டுக்குள் காப்பி நுழைந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற புத்தகத்தில் சுவையாகச் சொல்லியிருக்கிறார். நான் சொல்ல வந்தது அது வெளியேறுகிற கதை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிக்கரி கலக்காத நூறு கிராம் காப்பித் தூளில் வெந்நீரை ஊற்றினால் தண்ணீரோடு கரைந்து வருவது சுமார் இருபது கிராம். மிகவும் சாமர்த்தியமாக இறக்கினால் இருபத்தைந்து. மற்றதெல்லாம் அடியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் தண்ணீர் விட்ட பாட்டிகூட முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட வெளியேதான் கொட்டியிருக்கிறாள். அந்த முக்கால் பங்கில் நார் இருக்கிறது, புரதம் இருக்கிறது, உரத்துக்கு வேண்டிய நைட்ரஜன் கொஞ்சம் இருக்கிறது. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையில் எண்ணெயும் இருக்கிறது. உலகத்தில் வருஷத்துக்கு ஒரு கோடி டன் காப்பிக் கொட்டை விளைகிறது. அதில் நாம் குடிப்பது எவ்வளவு, கொட்டுவது எவ்வளவு என்று நேயர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் டிகாக்ஷன் நம் ஊர்ப் பாட்டிகளின் கண்டுபிடிப்பு என்று கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்கத்தான் அந்தக் கர்வம் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் இதை ஒரு வியாபாரமாகவே நடத்தியிருக்கிறார்கள்; அங்கே தேயிலையில். லண்டன் ஏழைகளின் பிழைப்பைத் தெருத் தெருவாகப் போய் விசாரித்து எழுதின ஹென்றி மேஹ்யூ 1851-ல் இதை விவரித்திருக்கிறார். பெரிய வீடுகளில் கொதித்துத் தீர்ந்த தேயிலையை அங்கே வேலை செய்யும் பெண்கள் சேர்த்து வைப்பார்கள். வாங்குகிறவன் வந்து காசு கொடுத்து வாங்கிப் போவான். அதைக் காய வைத்து, சாயம் ஏற்றி, புதுத் தேயிலையோடு கலந்துவிட்டால் மறுபடியும் கடைக்கு வந்துவிடும். சீமாட்டி குடித்த மிச்சம் வண்டிக்காரனுக்குப் புதுச் சரக்கு!

காப்பியில் இந்த வேலை அவ்வளவாகப் பலிக்கவில்லை. வாசனை போன சக்கை வாசனை போனதுதான். அதனால் காப்பி வியாபாரி சிக்கரியைப் பிடித்துக்கொண்டான். ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற டாக்டர் 1850-களின் தொடக்கத்தில் கடைத் தூள்களை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்து, கலப்படம் செய்தவர்களின் பெயர்களைப் பத்திரிகையிலேயே வெளியிட்டார். பெரிய பரபரப்பு. அதன் பலனாகச் சட்டங்கள் வந்தன. 1875-ல் வந்த சட்டத்தில் 'தீர்ந்துபோன தேயிலை' என்றால் என்ன என்று ஒரு விளக்கமே இருக்கிறது. ஊற வைத்தோ, டிகாக்ஷன் இறக்கியோ தன் சத்தை இழந்துவிட்ட தேயிலை அது. ஆமாம், டிகாக்ஷன் என்ற அதே சொல்தான். பிரிட்டிஷ் பார்லிமெண்டு பாட்டியின் மூன்றாம் தண்ணீரைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிவிட்டது போல எனக்குத் தோன்றிற்று.

அதே காலத்தில் வேறு ஒரு மனிதர் கழிவை வேறு கண்ணோடு பார்த்தார். டென்மார்க்கில் பிறந்து லண்டனில் வாழ்ந்த பீட்டர் லண்ட் ஸிம்மண்ட்ஸ். 1862-ல் கழிவுப் பொருள்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். உலகத்தில் எது வீணாகிறது, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதே விஷயம். இரண்டு வருஷம் கழித்துக் காப்பியையும் சிக்கரியையும் பற்றி ஒன்று எழுதினார். இன்று 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் வைத்து மகாநாடுகள் நடத்துகிறார்கள். ஸிம்மண்ட்ஸின் பெயரை அங்கே எத்தனை பேர் சொல்கிறார்களோ, தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டுச் சக்கை. கைப்பிடி கைப்பிடியாகச் சேர்வது. அது மலையாகக் குவிந்த கதைக்கு நாம் பிரேஸிலுக்குப் போக வேண்டும்.

1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்ததும் காப்பி விலையும் விழுந்தது. உலகக் காப்பியில் பெரும் பங்கை விளைவித்த பிரேஸிலில் கிடங்கு கிடங்காகக் கொட்டை தேங்கிற்று. வாங்க ஆளில்லை. 1930-ல் பதவிக்கு வந்த கெட்டூலியோ வர்காஸின் அரசாங்கம் ஒரு முடிவு செய்தது: எரித்துவிடுவது! 1931-ல் மூட்டிய நெருப்பு 1944 வரையில் எரிந்தது. மொத்தம் சுமார் 7 கோடியே 80 லட்சம் மூட்டை. மூட்டைக்கு 60 கிலோ. அன்றைய உலகம் மூன்று வருஷம் குடிக்கக்கூடிய காப்பி. ரெயில் என்ஜினில்கூடக் கரிக்குப் பதில் காப்பிக் கொட்டையைப் போட்டு ஓட்டினார்கள். பட்டினியும் வேலையில்லாத் திண்டாட்டமும் தலைவிரித்தாடிய காலத்தில், அந்தப் புகையை முகர்ந்த மனிதர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? நமக்குத்தான் போர்த்துக்கீஸிய பாஷை தெரியாது.

எரிக்காமல் வேறு ஏதாவது செய்யலாமே என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் ஹெர்பர்ட் போலின் என்ற ரசாயனக்காரர் 1930-களின் இறுதியில் காப்பிக் கொட்டையிலிருந்து பிளாஸ்டிக் செய்து காட்டினார். 'காபெலைட்' என்று அதற்குப் பெயர். பிரேஸில் சர்க்கார் அதை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டது. பொத்தான் முதல் தரை ஓடு வரை காப்பியிலேயே செய்துவிடலாம் என்று பேச்சு நடந்தது. பிறகு யுத்தம் வந்தது, விலை ஏறிற்று, தேக்கம் தீர்ந்தது. காபெலைட்டும் பழைய பத்திரிகைகளுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. அது சக்கையிலிருந்து செய்ததல்ல, முழுக் கொட்டையிலிருந்து செய்தது. இருந்தாலும் காப்பியை ஒரு பானமாக மட்டும் பார்க்காமல், மரத்தைப் போல, களிமண்ணைப் போல ஒரு மூலப்பொருளாகவும் பார்க்கலாம் என்று அது காட்டிவிட்டது.

இன்னொரு யோசனைதான் நிலைத்தது. கரைத்தால் காப்பியாகிவிடுகிற தூள் ஒன்று செய்து கொடுக்க முடியுமா என்று பிரேஸில்காரர்கள் ஸ்விட்ஸர்லாந்தில் இருந்த நெஸ்லே கம்பெனியை அணுகினார்கள். மாக்ஸ் மார்கன்தாலர் என்ற ரசாயனி பல வருஷம் போராடினார். 1938 ஏப்ரல் 1-ந் தேதி நெஸ்கபே கடைக்கு வந்தது. முட்டாள்கள் தினத்தில் வந்த அந்தத் தூளைப் பார்த்து நம் பில்டர் ரசிகர்கள் இன்றைக்கும் முகம் சுளிக்கிறார்கள். அது அவரவர் நாக்கு.

நம் கதைக்கு முக்கியம் டப்பாவுக்குள் போன தூளல்ல, டப்பாவுக்குள் போகாதது. இன்ஸ்டண்ட் காப்பி ஆலை என்பது ஒரு பிரம்மாண்டமான பில்டர். கொதிநிலைக்கும் மேலே சூடாக்கின தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தி, பாட்டியால் முடியாததையெல்லாம் கறந்துவிடுகிறார்கள். அப்படியும் ஒரு கிலோ இன்ஸ்டண்ட் தூளுக்குச் சுமார் இரண்டு கிலோ ஈரச் சக்கை வெளியே வருகிறது. ஆயிரம் வீட்டுக் கொல்லைகளில் சிதறிக் காணாமல் போயிருக்க வேண்டியது ஒரே ஆலையின் வாசலில் மலையாகக் குவிகிறது. என்ன செய்தார்கள்? பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை. பிழிந்து, உலர்த்தி, அந்த ஆலையின் பாய்லரிலேயே போட்டு எரித்தார்கள். எண்ணெய்ப் பசை இருப்பதால் உலர்ந்த சக்கை விறகைவிடச் சற்று அதிகமாகவே வெப்பம் தரும். இன்றைய காப்பியின் சக்கை நாளைய காப்பிக்கு வெந்நீர் போடுகிறது. விளம்பரம் இல்லை, விருது இல்லை. உலகத்தில் பல இன்ஸ்டண்ட் ஆலைகளில் பல வருஷங்களாக இதுதான் நடக்கிறது.

ஆக, மலையாகக் குவிந்த இடத்தில் சக்கைக்கு வழி கிடைத்துவிட்டது. வீட்டிலோ எருக்குழி இருந்தது. இரண்டுக்கும் நடுவே நகரங்களில் மூலைக்கு மூலை காப்பிக் கடைகள் முளைத்தன. அங்கே சேருவது மலையும் அல்ல, பிடியும் அல்ல. நாளுக்கு ஒரு வாளி, இரண்டு வாளி. தகராறெல்லாம் இந்த வாளியில்தான்.

அமெரிக்காவில் நெவாடா சர்வகலாசாலையில் மனோ மிஸ்ரா என்று ஒரு பேராசிரியர். ஒரு நாள் இரவு பாதி குடித்த காப்பியை மேஜைமேல் மறந்துவிட்டுப் போனாராம். மறுநாள் காலையில் பார்த்தால் ஆறின காப்பியின் மேல் எண்ணெய்ப் படலம் மினுமினுத்ததாம். நாமாக இருந்தால் முகத்தைச் சுளித்துக் கொட்டியிருப்போம். அவர் நரசிம்மராவ் கொண்டமுடி, சுசாந்த மொகபாத்ரா என்ற சகாக்களோடு சேர்ந்து கடைகளிலிருந்து சக்கையை வாங்கி வந்து எண்ணெய் எடுத்து, அதை டீசலாக மாற்றிவிட்டார். 2008-ல் கட்டுரை வெளிவந்தது. மூன்று பெயர்களும் நம் தேசத்துப் பெயர்களாக இருப்பதில் எனக்கு ஒரு சிறிய சந்தோஷம். மிச்சம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும் என்று எண்ணிக்கொண்டேன். இது ஆராய்ச்சி அல்ல, அபிமானம்.

லண்டனில் ஆர்தர் கே என்ற இளைஞர். கட்டடக்கலை மாணவர். காப்பிக் கடை ஒன்றுக்குத் திட்டம் போடும்போது இவ்வளவு சக்கை எங்கே போகிறது என்று யோசித்தவர் 2013-ல் 'பயோ-பீன்' என்று ஒரு கம்பெனியையே ஆரம்பித்துவிட்டார். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஆலை எழுந்தது. கடை கடையாகச் சக்கையைச் சேகரித்து, உலர்த்தி, குளிர்காலத்தில் கணப்பில் போடுகிற கட்டைகளாக அழுத்தி விற்றார்கள். 2017 நவம்பரில் இன்னும் பெரிய செய்தி வந்தது. சக்கை எண்ணெய் கலந்த டீசலை லண்டன் பஸ்களுக்குக் கொடுத்தார்கள். சிவப்பு நிற இரட்டை மாடி பஸ் காப்பியில் ஓடுகிறது என்று உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின. நானும் படித்துவிட்டு நாலு பேரிடம் சொன்னேன். கொஞ்சம் உள்ளே போய்ப் படித்தபோதுதான், தயாரித்த எண்ணெய் 6,000 லிட்டர், ஒரு பஸ் ஒரு வருஷம் ஓடுகிற கலவைக்குத்தான் அது போதும் என்று தெரிந்தது. 2023-ல் கம்பெனி நொடித்துப் போயிற்று. அதன் சொத்துக்களை உரம் தயாரிக்கிற கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது. பஸ் ஓட்டப் போன சக்கை கடைசியில் எருக்குழிக்கே திரும்பிவிட்டது.

அந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஈரச் சக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுவதென்றால் பாதி வாடகை தண்ணீருக்கு. பிறகு அந்தத் தண்ணீரை விரட்ட எரிபொருள் வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சை பிடிக்கும். கடைக்கு ஒரு வாளி எடுக்க, ஆள் படி ஏறி இறங்க வேண்டும். சக்கை இனாம், அதைச் சேர்ப்பதுதான் விலை.

உபயோகத்துக்குப் பஞ்சமே இல்லை. சக்கையில் சிப்பிக் காளான் வளர்க்கிறார்கள். ஜெர்மனியில் கோப்பை செய்கிறார்கள். தைவானில் நூலோடு சேர்த்துத் துணி நெய்கிறார்கள். மெல்போர்னில் ராஜீவ் ராய்சந்த் என்ற என்ஜினீயரும் அவருடைய குழுவும் சக்கையைக் காற்றுப் புகாமல் 350 டிகிரியில் கரியாக்கி, கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலாகப் பதினைந்து பங்கு கலந்து பார்த்தார்கள். வலிமை நூற்றுக்கு முப்பது கூடியதாக 2023-ல் வெளியிட்டார்கள். ஆற்று மணலுக்குக் கொலை விழுகிற நம் தேசத்தில் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். படித்த உடனேயே எனக்கு எழுந்த கேள்வி, வாளியை யார் எடுப்பார்கள் என்பதுதான்.

இந்தக் கேள்வியை நான் புத்தகத்திலிருந்து மட்டும் கற்கவில்லை. போன வருஷம், எழுதுகிறவனுக்கு வருகிற ஆவேசம் ஒன்று எனக்கும் வந்து, எங்கள் தெரு முனைக் காப்பிக் கடையில் சக்கையைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன சார், இதுக்குப் போயா வந்தீங்க?" என்றார். ஆனால் கொடுத்தார். முதல் நாள் வாசனையாகத்தான் இருந்தது. மொட்டை மாடித் தொட்டிகளில் கத்தரிச் செடிக்கும் மிளகாய்ச் செடிக்கும் தாராளமாகக் கொட்டினேன். மூன்றாம் நாள் வாளியில் வெள்ளைப் பூஞ்சை. நாலாம் நாள் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, ரொம்பவும் மரியாதையாக, மாடியில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று விசாரித்தார். இரண்டு வாரத்தில் கத்தரிச் செடிகள் வாடி நின்றன.

பிறகுதான் விவரம் கிடைத்தது. மெல்போர்னிலேயே 2016-ல் இரண்டு பேர் பிராக்கோலி, முள்ளங்கி, சூரியகாந்தி எல்லாவற்றுக்கும் பச்சைச் சக்கையைப் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். எல்லாச் செடிகளும் குறுகிப் போயின. சக்கையை மக்க வைக்காமல் போடக் கூடாதாம். செடிக்குக் காப்பிச் சக்கை அமிர்தம் என்று ஊரெல்லாம் சொல்கிற வாக்கை நம்பி, நான் என் கத்தரிச் செடிகளை ஏறக்குறையக் கொன்றுவிட்டேன்.

ஆனால் எங்கள் கொல்லையில் கறிவேப்பிலை மரம் ஓட்டு விளிம்பைத் தொட்டு நின்றதே! பாட்டி தினம் தினம் சக்கை போட்டுத்தானே வளர்த்தாள்? கொஞ்ச நாள் இந்தச் சந்தேகம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மாவிடம் போனில் கேட்டேன்.

"பாட்டி எங்கேடா போட்டாள்? பில்டரை அலம்ப அவளா கிணற்றடிக்குப் போனாள்?" என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு முழுக் காட்சியும் திரும்பி வந்தது. பில்டரின் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டியவள் பாத்திரம் தேய்க்கிற அந்த அம்மாள். ஒரு சிட்டிகையைச் சாம்பலோடு கலந்து எண்ணெய்ச் சட்டியைத் தேய்ப்பாள். மற்றதைச் சாணக் கூடையில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த எருக்குழிக்குப் போவாள். எங்கள் வீட்டுச் சக்கை மட்டும் அல்ல. அவள் அந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு வேலை செய்தாள். எருக்குழி இல்லாத இரண்டு வீட்டுச் சக்கையும், காய்கறித் தோலும், சாம்பலும் அவள் கூடையிலேயே எங்கள் குழிக்கு வந்து சேரும். சாணத்தோடு மக்கி, ஆறேழு மாதம் கழித்து, அவளே வெட்டி எடுத்துக் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போடுவாள். லண்டனில் லாரியும் ஆலையும் வைத்து நடத்தப் பார்த்த காரியம் எங்கள் தெருவில் ஒரு கூடையில் நடந்துகொண்டிருந்தது. லாரிக்கு வாடகை உண்டு, டிரைவருக்குச் சம்பளம் உண்டு. இவள் சம்பளம் பாத்திரம் தேய்ப்பதற்கு மட்டும்தான். எருக்குழிக்கு என்று தனியாக அவளுக்கு ஒரு பைசாவும் யாரும் கொடுத்ததாக அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. காப்பி கொடுத்தோமே என்றாள்.

ஒரு தடவை, எனக்கு எட்டு வயசிருக்கலாம், அவளைக் கிணற்றடியில் கேட்டிருக்கிறேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காப்பி நன்னா இருக்குமா?"

"சூடா இருக்கும், சின்னய்யா" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எறவாணத்தில் செருகப் போனாள்.